அக்கா கட்டிய சிரட்டைகள்

நம் வயதுக்காரர்களில் முழங்கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால், இந்த மாதம் முடிவதற்குள் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அங்கே ஒரு பழைய கிடங்கில் என் அக்காவின் வேலையை வைத்திருக்கிறார்கள். பதினான்கு படி ஏற வேண்டும், கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏறிவிட்டால் கால் வலியை மறந்துவிடுவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்துக் கேட்காதவர் உங்களில் யாரும் இல்லை. படம் வரைகிறாளா என்றால் இல்லை. சிலை செய்கிறாளா என்றால் அதுவும் இல்லை. ஓர் இடத்துக்குப் போவாள். அங்கே மண்ணிலும் மரத்தடியிலும் தண்ணீரிலும் என்ன கிடக்கிறதோ அதையே எடுத்து, அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்குவாள். நாம் அதற்குள் நடந்து போகலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் இருக்கும். பிறகு அவளே பிரித்துவிடுவாள், இல்லாவிட்டால் மழை பிரித்துவிடும். இன்ஸ்டலேஷன் ஆர்ட்டிஸ்ட் என்று பேப்பரில் போடுகிறார்கள். "குப்பையப் பொறுக்கி அடுக்குறதுக்கு இம்புட்டுப் பெரிய பேரா" என்று நம்மில் ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

பேட்டி எடுப்பவர்கள் எல்லாரும் அவளிடம் முதல் வேலை எது என்று கேட்பார்கள். கெப்பாலா பத்தாஸ் வயலில் வைக்கோலை வைத்துச் செய்ததைச் சொல்வாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அது உண்மை இல்லை. முதல் வேலையை அவள் பன்னிரண்டு வயதில் செய்தாள். அவள் கையால் அதைச் செய்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா நகராண்மைக் கழகத்தில் குப்பை லோரி ஓட்டினார். குவாட்டர்ஸில் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும்தான் எங்கள் வீடு. தைப்பூசம் உங்களுக்கெல்லாம் தேர் வரும் நாள், எங்கள் வீட்டுக்கு அதற்கு மறுநாள்தான் முக்கியம். தேர் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அது கடந்துபோன சாலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். தார் தெரியாது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தேருக்கு முன்னால் வேண்டிக்கொண்டு உடைத்த தேங்காய், வெள்ளையாக. வெயில் ஏற ஏற தேங்காய்த் தண்ணீர் புளித்து, சாம்பிராணியும் கற்பூரமும் அதோடு சேர்ந்து ஒரு வாசனை வரும். அப்பாவின் காக்கிச் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் மாசி மாதம் வரைக்கும் அந்த வாசனை போகாது. சட்டை காயும் கொடிக்குக் கீழே நின்று நான் மூக்கை இழுத்துக்கொள்வேன்.

அத்தனை தேங்காயும் எங்கே போகிறது என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வருடம் அவள் தொல்லை தாங்காமல் அப்பா எங்கள் இரண்டு பேரையும் லோரியில் ஏற்றினார். பிள்ளைகளை ஏற்றினால் வேலைக்கே உலை. அதனால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வீட்டைக் கடக்கும்போது நாங்கள் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டோம்.

ஜெலுத்தோங் பக்கம் கடலோரத்தில் அப்போது குப்பை கொட்டுவார்கள். லோரி திரும்பியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். கடலுக்கு முன்னால் ஒரு மலை நின்றது. முழுக்கத் தேங்காய். உச்சியில் காக்கைகள், பக்கவாட்டில் கொக்குகள், மேலே இரண்டு கருடன் சுற்றிக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் ஓர் உடும்பு ஒரு மூடியை முன்காலால் புரட்டிப் புரட்டித் தின்றது. அதற்குப் பின்னால் கடல் பளபளவென்று கிடந்தது. நான் பயந்தேன். அக்கா பயப்படவில்லை, இறங்கிப் போய் அதன் அடியில் அண்ணாந்து நின்றாள்.

"அப்பா, இவ்ளோ பேரோட வேண்டுதலும் இங்கயா வந்து விழுது?"

"வேண்டுதல் ரோட்டுலயே முடிஞ்சி போச்சி லா. இது வெறும் சம்பா, குப்ப. வா, ஏறு, மண்டோர் வந்துருவான்."

அவள் ஏறினாள். மலை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் நாங்கள் அங்கே போக ஆரம்பித்தோம். அம்மாவிடம் டீச்சர் வீட்டில் டியூஷன் என்று சொன்னோம். அம்மாவுக்கு அப்போது மாதம் மூன்று. எனக்குப் பிறகு உண்டான மூன்றும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டில் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். எங்கள் டியூஷனை விசாரிக்கும் நிலையில் அவர் இல்லை.

குப்பை மேட்டைத் தாண்டிச் சேற்றங்கரையில் ஒரு கண்டல் மரம் தனியாக நின்றது. அந்த மரத்தைச் சுற்றி அதன் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும், கணக்கே கிடையாது. அக்கா அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். ரோட்டில் அடித்து உடைத்த தேங்காய் சில்லுச் சில்லாகத்தான் போகும், சரிபாதியாகப் பிளந்தது அபூர்வம். அப்படிப்பட்டதில் கண் உள்ள பாதியை மட்டும் தேடி எடுப்போம். பருப்பைக் காக்கைகளே கொத்திச் சுத்தம் செய்துவிடும். மூன்று கண்ணில் ஒரு கண் மிருதுவாக இருக்குமே, அதில் ஆணியால் குத்தி, கரையில் ஒதுங்கிய அறுந்த வலை நூலை நுழைத்து முடிச்சுப் போட்டு, வெயிலில் இளகிய ரோட்டுத் தாரைச் சுரண்டி வந்து அடைப்பாள். நூலின் மறுமுனையைச் சேற்றுக்குள் வேரோடு கட்டிவிடுவாள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என் வேலை. அந்தச் சேற்று உப்பு இப்போது நினைத்தாலும் நாக்கில் வருகிறது.

"எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"தெரியல. கட்டி முடிச்சிட்டுப் பாப்போம்."

இன்றைக்கு வரைக்கும், வெளிநாட்டுக்காரர்கள் மைக்கை நீட்டிக் கேட்டாலும், அவளிடம் இதைவிட நல்ல பதில் கிடையாது.

மூன்று வாரம் பிடித்தது. முடித்த அன்று கடல் வற்றியிருந்தது. மரத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சிரட்டைகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. வரப்பு மாதிரி உயர்ந்த கரையில் ஏறி இருவரும் உட்கார்ந்தோம். நான்கு மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதல் வளையத்தில் ஒரு சிரட்டை அசைந்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே வர வர ஒவ்வொன்றாகச் சேற்றை விட்டு எழுந்து, நூல் இழுக்கும்வரை போய், அங்கே நின்று, மெல்லத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கணக்கான சிரட்டைகள் தண்ணீர் மேல் ஒரே பக்கமாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி நின்றன. கடல் மூச்சு விட்டால் எல்லாம் ஏறின, மூச்சை இழுத்தால் எல்லாம் இறங்கின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அழுகை வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கோவில், எத்தனையோ நாடு பார்த்துவிட்டேன். அந்த மாலையில் வந்த மாதிரி எனக்கு எங்கேயும் வரவில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

நான்கைந்து நாளில் எதிர்வீட்டு அத்தை சிப்பி பொறுக்கப் போனார். கரையில் ஏறிய நேரம் தண்ணீர் ஏறியிருந்தது. கூடையைப் போட்டுவிட்டு அங்கேயே விழுந்து கும்பிட்டிருக்கிறார். ஓடி வந்து எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"முருகனுக்கு ஒடச்ச தேங்கா லா. கொண்டுபோய்க் குப்பையில போட்டாங்கள்ல, அது தானா எறங்கி வந்து மரத்தச் சுத்தி நிக்குது. தண்ணி ஏறுனா எந்திரிக்குது, எறங்குனா படுத்துக்குது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கரையோரம் மஞ்சள் துணி கட்டியாயிற்று, சூலம் நட்டாயிற்று. சேற்றில் யாரும் இறங்கவில்லை, கால் படக்கூடாதாம். அதனால் நூல் யார் கண்ணிலும் படவில்லை. ஏதோ சித்தர் வந்து செய்தார் என்று சிலர் சொன்னார்கள். மனிதக் கையே படவில்லை என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். மளிகைக்கடை முதலாளியான சீன டவுக்கே ஊதுவத்திக் கட்டும் ஆரஞ்சும் கொண்டுவந்து வைத்தார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற கூட்டம் கரையில் நின்று சிரட்டைகளை எண்ணியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை வந்தது, அதுவே பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. இன்று சிரிக்கிறேன். ஆனால் தண்ணீர் ஏறும் நேரத்தில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதியைக் கேட்டவள் நான், அதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது.

அம்மாவும் போனார். படுக்கையை விட்டு எழுந்து, தலைக்குக் குளித்து, டிரைஷாவில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியாத ஒரு முகம். உட்கார்ந்து வெங்காயம் உரித்தார், பாட்டு முணுமுணுத்தார். வெள்ளிக்கு வெள்ளி போனார். "இந்தத் தடவ தங்கும்" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அக்கா முதலில் பெருமையாகத்தான் இருந்தாள். பிறகு சோறு இறங்கவில்லை. ஒரு மாலை, அம்மா விளக்கேற்றிவிட்டு நெற்றியில் திருநீறு பூச வந்தபோது, அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அது தானா வரல. நான் கட்டுனது."

"என்னாது?"

"மரத்துக்கிட்ட. சிரட்டையெல்லாம் நான்தான் கட்டுனேன். டியூஷனுக்குப் போகல."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து வாயிலேயே அறைந்தார். அதற்கு முன் அம்மா எங்களை அடித்ததே இல்லை. "சாமி காரியத்துல பொய் சொல்வியா" என்று இன்னொன்று விழுந்தது. உதட்டில் ரத்தம். அக்கா அழவில்லை. என்னைக் கைகாட்டினாள். "அவளக் கேளுங்க. அவ பாத்தா."

அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் புது முகம் அப்படியே பழைய முகமாக மாறிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்த முகம் திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். அடிக்கும் பயந்தேன், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"நீ பாத்தியா?"

"இல்லம்மா," என்றேன். "நான் ஒண்ணும் பாக்கல."

அக்கா கையைக் கீழே போட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

கூட்டம் பெருகிக் குப்பை லோரிகளுக்கு வழி இல்லாமல் போகவே, மண்டோர் அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அப்பா போனார். கற்பூரம் காட்டிவிட்டுத் தனியாகச் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு சிரட்டையாக அவிழ்த்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒன்றையும் அறுக்கவில்லையாம். லோரித் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சு எது என்று அப்பா எங்கள் இருவருக்கும் விளையாட்டாகக் காட்டியிருந்தார். அக்கா போட்டது எல்லாம் அந்த முடிச்சுதான். அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "நூல கொஞ்சம் தளர விட்டிருக்கு. இல்லாட்டி முதல் தண்ணியிலயே அறுந்து போயிருக்கும்" என்றார். அம்மா ரசம் ஊற்றினார். அக்கா தலையைத் தூக்கவில்லை. அப்பாவிடமிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

ஆவணியில் தம்பி பிறந்தான். இப்போது சிம்பாங் அம்பாட்டில் ஒரு பாக்டரியில் மேனேஜர், இன்னும் சில வருடத்தில் ஓய்வு. மரத்தடிப் பிள்ளை என்று அம்மா கூப்பிடுவார்.

அக்கா படிப்பு முடிந்து மாக் மண்டினில் ஒரு பாக்டரியில் சேர்ந்து பதினொரு வருடம் பெட்டிகளைச் சரிபார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு, குளம், வயல் என்று தனியாகச் சுற்றுவாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். நாம் எல்லாரும் அவளுக்கு ஏதோ மனக்கோளாறு என்று பேசிக்கொண்டோம், நானும் பேசினேன். பிறகு கெப்பாலா பத்தாஸில் அறுவடை முடிந்த வயலில், சொந்தக்காரரிடம் கெஞ்சி, வைக்கோலை ஆளுயரத்துக்குச் சுருள் சுருளாக நிறுத்தினாள். உள்ளே நடந்தால் காற்று நம்மோடு கூடவே நடந்து வரும். யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். அங்கிருந்து தொடங்கியது. ஒரு பழைய கடைவீட்டின் நடுவில் கூரை திறந்த முற்றத்தில் மழைத் தண்ணீரைப் பானை பானையாக இறக்கினாள். எங்கோ ஒரு தூர தேசத்துத் தீவில் உடைந்த மீன்கூடைகளை வைத்து ஒரு குன்று கட்டினாள். பறவைகள் வந்து கூடு வைத்துவிட்டதால் அதை அவர்கள் பிரிக்கவே இல்லையாம். ஒவ்வொன்றின் முன்னாலும் நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் என்னோடு ஒரே பாயில் படுத்தவளா இது என்று இருக்கும்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும், திறப்புக்கு முதல் நாள் என்னைக் கூப்பிடுவாள். எந்த ஊராக இருந்தாலும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவாள். நான் தனியாக உள்ளே போய்விட்டு வர வேண்டும். வெளியே வந்ததும் "பாத்தியா?" என்பாள். "பாத்தேன்" என்பேன். அதோடு சரி, காப்பி குடிக்கப் போய்விடுவோம். பெட்டி தூக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிடுகிறாள் என்று ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். ஏன் கேட்கிறாள் என்று எனக்கு உறைக்க இத்தனை வயது ஆயிற்று.

இப்போது கிடங்கில் இருப்பது கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை இலைகள். கடலோர எஸ்பிளனேடில் சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து கிடக்குமே, அதே இலைதான். விடிகாலையில் சாலை கூட்டுகிறவர்களோடு சேர்ந்து ஒரு வருடம் பொறுக்கியிருக்கிறாள். ஆயிரக்கணக்கில் நூலில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறாள். யாராவது உள்ளே வந்தால், அவர் மூச்சுக் காற்றுக்கு இலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்புகின்றன. நான் போனபோது எனக்காகவும் திரும்பின. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

திறப்பன்று அம்மாவையும் கூட்டிப் போனோம். அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. தம்பியும் காவலாளியும் சக்கர நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அம்மா இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, பேப்பரிலிருந்து வந்த ஒரு பெண் அக்காவிடம் முதல் வேலை எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கெப்பாலா பத்தாஸ் என்று அக்கா ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அம்மாவின் காதருகில் சொன்னேன்.

"அம்மா, அந்தக் கண்டல் மரம். அது அக்கா கட்டுனதுதான். நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். நான் பாத்தேன்மா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்," என்றார்.

"எப்போலேர்ந்து?"

"அடிக்கும்போதே. கையப் பிடிச்சேன்ல. உள்ளங்கை பூராவும் நூல் அறுத்த தழும்பு. ஒரு புள்ள கை அது மாதிரி இருக்குமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மூணு போயிருச்சி. நாலாவது வயித்துல. அவ கட்டுனதுன்னு ஒத்துக்கிட்டா, நான் அப்புறம் யாருகிட்ட போயி கேக்குறது?"

பின்னால் அக்கா வந்து நின்றிருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அம்மா அவள் குரலைக் கேட்காமலே, அவள் சேலை நுனியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "நீதான் கட்டுன," என்றார். "தெரிஞ்சேதான் அடிச்சேன். தெரிஞ்சேதான் போயிக் கும்பிட்டேன். அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, அந்த மாதிரி ஒண்ண நான் பாக்கல."

அக்கா அறுபத்தேழு வயதில், அத்தனை பேர் நடுவில், சிமெண்டுத் தரையில் அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள். அம்மா அவள் உதட்டைத் தொட்டார்.

"வலிச்சிச்சா?"

"அடி ரெண்டு நாள்ல போயிருச்சிம்மா," என்றாள் அக்கா. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

பேப்பர்ப் பெண் பையை மூடிக்கொண்டு படியில் இறங்கப் போனாள். நான் என் முழங்காலை இழுத்துக்கொண்டு போய் அவளை நிறுத்தினேன்.

"அவங்க சொன்னது தப்பும்மா. முதல் வேலை அது இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடி ஒண்ணு இருக்கு. அப்ப எங்க அக்காவுக்குப் பன்னெண்டு வயசு. நோட்ட எடு, எழுதிக்க. நான் பாத்தேன்."